ஆறு சூழ்ந்த கரிசல்: வில்காக்ஸ் கவுண்டி மக்களின் வரலாறு

வரலாறு எழுதப் புகுவோர் முதலில் நாடுவது ஏடுகளையே. பத்திரம், உயில், வரிக்கணக்கு, வாக்காளர் பட்டியல், குடிக்கணக்கு ஆகியவற்றைக் கொண்டே ஒரு நிலப்பகுதியின் கடந்த காலம் நிறுவப்படுகின்றது. எழுத்தை நம்பி வாழும் நமக்கும் இந்நெறி இயல்பானதே. ஆயின் எழுதும் உரிமை மறுக்கப்பட்டவர்களும், எழுதப்பட்டபோதும் பிறர் உடைமையாக மட்டுமே எழுதப்பட்டவர்களும் ஓரிடத்தில் பெரும்பான்மையினராக வாழ்ந்திருப்பின், அவர்தம் வரலாற்றை எங்குத் தேடுவது? பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் மலரில் இவ்வினாவை எழுப்பிப் பார்ப்பது பொருத்தமாகும். விடை காண்பதற்கு ஏற்ற களமாக அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தின் வில்காக்ஸ் கவுண்டியை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு. தனக்கென ஒரு நீதிமன்றமும், பதிவேடுகளும், ஷெரீஃப் எனப்படும் காவல் தலைவரும் கொண்டது. வில்காக்ஸ் கவுண்டியின் பரப்பு ஏறத்தாழ 907 சதுர மைல். அதன் தலைநகர் காம்டன் என்னும் சிற்றூர். தெற்கே அதனை அடுத்திருப்பது, ஹார்ப்பர் லீ என்னும் நாவலாசிரியை பிறந்த மன்றோ கவுண்டி.

நிலமும் நீரும்

நிலமும் பொழுதுமே முதற்பொருள் எனக் கொண்ட இலக்கண மரபில் பயின்ற நமக்கு, ஒரு மக்களைப் பற்றிப் பேசுமுன் அவர்கள் நின்ற மண்ணைப் பற்றிப் பேசுவது வழக்கம். வில்காக்ஸ் கவுண்டிக்கு அது மிகவும் பொருந்தும்.

அலபாமாவின் நடுப்பகுதியைக் குறுக்கே கடந்து செல்லும் கரிய மண் பட்டை ஒன்று உண்டு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் மூடியிருந்த இடத்தில் படிந்த சுண்ணப் பாறையின்மேல் உருவான மண் அது. அதனை ‘பிளாக் பெல்ட்’, அதாவது கரும்பட்டை என்பர். நம் வழக்கில் கரிசல் எனலாம். தொடக்கத்தில் மண்ணின் நிறத்தைக் குறித்த இப்பெயர், பின்னர்க் கறுப்பின மக்கள் மிகுதியாக வாழும் கவுண்டிகளைக் குறிப்பதாயிற்று என்று புக்கர் டி. வாஷிங்டன் 1901-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலில் விளக்குகின்றார். மண்ணுக்கு இட்ட பெயர் மக்களுக்கு ஆகிவந்தமைக்குக் காரணம் பருத்தி. கரிய மண் பருத்தியை விளைவித்தது. பருத்தி அடிமைகளைக் கொணர்ந்தது.

இக்கரிசலின் தென்விளிம்பில் அமைந்தது வில்காக்ஸ். அலபாமா ஆறு இக்கவுண்டியின் ஊடே வளைந்து வளைந்து செல்கின்றது. சாலைகளும் இருப்புப்பாதையும் வருமுன் நீராவிக் கப்பல்கள் இவ்வாற்றின் வழியே பருத்திப் பொதிகளை மொபீல் துறைமுகத்திற்குக் கொண்டு சென்றன. காம்டனுக்கு எதிர்க்கரையில் ஆறு குதிரை இலாடம் போல் வளைந்து, மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த ஒரு நிலத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டுள்ளது. அதுவே ‘ஜீஸ் பெண்ட்’, அதாவது ஜீ என்பாரின் வளைவு. இக்கட்டுரையின் பெரும்பகுதி அவ்வளைவைப் பற்றியதே.

இம்மண் முன்னர் மஸ்கோகி எனவும் கிரீக் எனவும் வழங்கப்பட்ட தொல்குடியினருடையது. 1813–14 போரில் தோற்றபின், 1814-ஆம் ஆண்டு ஃபோர்ட் ஜாக்சன் உடன்படிக்கையால் அவர்கள் இழந்த நிலம் ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஏக்கர். அப்போரில் கொல்லப்பட்ட ஜோசப் வில்காக்ஸ் என்னும் படைத்துறை அதிகாரியின் பெயரையே 1819-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் புதிய கவுண்டிக்கு இட்டனர். மறுநாள் அலபாமா அமெரிக்காவின் மாநிலமாயிற்று.

அமெரிக்கத் தென்பகுதியின் பருத்திக்கும் தமிழ் நிலத்திற்கும் தொடர்பு உண்டென்பதை இவண் ஒரு சொல் சுட்டிச் செல்லலாம். 1840-களில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் தோட்ட வேளாளர் சிலரைக் கிழக்கிந்தியக் கும்பெனி இந்தியாவிற்கு வரவழைத்து, அமெரிக்கப் பருத்தியை இங்கு விளைவிக்க முயன்றது. தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட் 1842 முதல் 1853 வரை கோயம்புத்தூரில் இருந்து அம்முயற்சியை நடத்தினார். 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து பருத்தி வரத்து நின்றபோது, இங்கிலாந்து ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. திருநெல்வேலிக் கரிசலின் பஞ்சுக்கும் விலை உயர்ந்தது. அங்கே ஓர் ஆற்றங்கரையில் நிகழ்ந்தவை இங்கே நம் சந்தை வரை எட்டின.

பெயரும் உடைமையும்

வட கரோலினாவின் ஹாலிஃபாக்ஸ் கவுண்டியிலிருந்து ஜோசப் ஜீ என்னும் நிலக்கிழார் 1816 வாக்கில் தம் அடிமைகளுடன் இவ்வளைவிற்கு வந்தார். 1824-இல் அவர் இறந்தபோது நிலமும் 47 அடிமைகளும் அவருடைய உடன்பிறந்தார் மக்களைச் சேர்ந்தன. 1845-இல், 29,000 டாலர் கடனுக்கு ஈடாக அத்தோட்டம் மார்க் பெட்வே என்னும் உறவினர்க்குக் கைமாறியது. மறு ஆண்டு பெட்வே தம் குடும்பத்தோடு ஹாலிஃபாக்சிலிருந்து புறப்பட்டார். குடும்பத்தினர் வண்டிகளில் வந்தனர். உடன் கொணரப்பட்ட நூற்றுவர் அளவிலான அடிமைகள் பல நூறு மைல் தொலைவையும் நடந்தே வந்தனர்.

1860-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி வில்காக்ஸ் கவுண்டியின் மக்கள் தொகை 24,618. அவருள் 17,797 பேர் அடிமைகள். பத்தில் ஏழு பேர் பிறர் உடைமை என்பது இதன் பொருள். 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் அடிமைக் கணக்கேடுகளில் அடிமைகளின் பெயர்கள் எழுதப்படவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. உடையவரின் பெயர் எழுதப்பட்டு, அதன்கீழ் வயது, பால், நிறம் என்பன மட்டுமே குறிக்கப்பட்டன. விடுதலைக்குப் பின் எடுக்கப்பட்ட 1870-ஆம் ஆண்டுக் கணக்கிலேதான் இம்மக்கள் முதன்முதலாகப் பெயருடையோராக ஏட்டில் ஏறினர்.

அப்பெயருள்ளும் ஒரு வரலாறு உறைகின்றது. விடுதலை பெற்றோருள் பலர் பெட்வே என்னும் உடையவரின் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டனர். இன்றும் ஜீஸ் பெண்டில் மிகுதியாகக் காணப்படும் குடும்பப் பெயர் இதுவே. அடிமைப்படுத்தியவரின் பெயரை ஏன் சுமக்க வேண்டும் என்று வினவுவது எளிது. ஆயின் நெடுந்தொலைவு ஒன்றாக நடந்து வந்தோர் ஒருவரையொருவர் இழக்காமல் அறிந்துகொள்ள வேறு பொதுப் பெயர் அவர்கட்கு வாய்க்கவில்லை. ஆண்டையின் பெயராகத் தோன்றியது, காலப்போக்கில் அவர்கள் பெயராகவே ஆயிற்று.

கடனும் பஞ்சமும்

விடுதலை நிலத்தைத் தரவில்லை. முன்னாள் அடிமைகள் அதே தோட்டத்தில் வாரக் குடிகளாயினர். விதை, உரம், உணவு ஆகியவற்றை வணிகரிடம் முன்கடனாகப் பெற்று, விளைந்த பருத்தியைக் கொண்டு அடைக்க வேண்டும். பருத்தி விலை வீழ்ந்தாலும், காய்ப்புழு தாக்கினாலும் கடன் மறு ஆண்டிற்கு ஏறும். கணக்கேடு வணிகரின் கையில் இருந்தது. எழுதவும் படிக்கவும் அறியாத குடியானவர் அக்கணக்கை ஏற்பதன்றி வேறு வழியில்லை.

இந்நிலையை மாற்றக் கல்வியை நாடியவர் வில்லியம் ஜேம்ஸ் எட்வர்ட்ஸ். இக்கவுண்டியின் ஸ்னோ ஹில் என்னும் ஊரில் பிறந்து, இளமையில் நோயால் கால் நலிவுற்று, டஸ்கிகீ கல்வி நிலையத்தில் பயின்று ஊர் திரும்பிய இவர், 1893-இல் பாழடைந்த ஒரு மரக் குடிலில், 3 மாணவர்களையும் 50 சென்ட் காசையும் கொண்டு பள்ளி தொடங்கினார். வெள்ளை நிலக்கிழார் ஒருவர் நிலம் அளித்தார். ஸ்னோ ஹில் பள்ளி வளர்ந்து பல கட்டடங்களைக் கொண்ட தொழிற்கல்வி நிலையமாயிற்று. 1918-இல் எட்வர்ட்ஸ் வெளியிட்ட ‘கரும்பட்டையில் இருபத்தைந்து ஆண்டுகள்’ என்னும் நூல், இக்கவுண்டியின் கறுப்பினத்தார் ஒருவர் தம் மண்ணைப் பற்றித் தாமே எழுதிய அரிய ஆவணமாகும். திரைப்பட இயக்குநர் ஸ்பைக் லீயின் தந்தையாரும் இசைக்கலைஞருமான பில் லீ இவருடைய பேரர் என்பது கலை ஆர்வலர்க்குச் சுவையான செய்தி.

எட்வர்ட்சின் பள்ளி எட்டாத ஜீஸ் பெண்டில் 1932-ஆம் ஆண்டு பெருந்துயர் நேர்ந்தது. ஊரார்க்கு முன்கடன் கொடுத்துவந்த காம்டன் வணிகர் ஒருவர் இறந்தார். கடனைத் தண்ட வந்த அவர் குடும்பத்தார், சுமார் 60 வீடுகளிலிருந்து மாடு, கோவேறு கழுதை, பன்றி, கோழி, ஏர், வண்டி, சேமித்து வைத்திருந்த சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு அனைத்தையும் வாரிச் சென்றனர். ஏட்டில் எழுதிய கடனுக்கு வீட்டிலிருந்த விதை வரை விலையாயிற்று. அக்குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பொருளாலும், காட்டுக் கனியாலும் மீனாலும் மக்கள் கடந்தனர்.

பின்னர் ரூசவெல்ட் அரசு தலையிட்டது. மைய அரசு தோட்ட நிலத்தை வாங்கிக் குடியானவர்கட்குக் குறைந்த வட்டியில் கடன் தந்தது. வீடுகள், பள்ளி, கடை, பருத்தி அரவை ஆலை ஆகியன எழுந்தன. 1940-களில் நிலம் குடும்பங்கட்கே விற்கப்பட்டது. சொந்த நிலம் பெற்றமையே பிற்காலத்தில் இவ்வூரார்க்குப் பெருங்காப்பாக அமைந்தது. வாக்குரிமை கேட்டமைக்காகப் பிற ஊர்களில் வாரக் குடிகள் வெளியேற்றப்பட்டபோது, இவர்களை வெளியேற்ற எவராலும் இயலவில்லை.

அரசின் பணியை மக்கட்குக் காட்ட 1937-இல் ஆர்தர் ராத்ஸ்டைன் என்னும் ஒளிப்படக் கலைஞர் இங்கு அனுப்பப்பட்டார். அவர் எடுத்த படங்களில், மரக் குடில்களின் உட்சுவர்கள் முழுதும் செய்தித்தாள்கள் ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். குளிர்காற்றைத் தடுக்க ஒட்டிய தாள்கள் அவை. நாட்டின் செய்திகளெல்லாம் அச்சுவர்களில் இருந்தன. அவ்வீட்டாரைப் பற்றிய செய்தி மட்டும் அவற்றில் இல்லை. 1941-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திற்காக ராபர்ட் சான்கின் என்பார் இவ்வூர்ப் பாடல்களையும் வழிபாட்டுரைகளையும் ஒலிப்பதிவு செய்தார். இவ்வாறு ஏட்டிற்கு வெளியே இருந்த குரல் காப்பகத்தில் இடம் பெறலாயிற்று.

நின்றுபோன ஓடம்

1965-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வில்காக்ஸ் கவுண்டியின் வாக்காளர் பட்டியலில் கறுப்பினத்தார் ஒருவர்கூட இல்லை. வாக்களிக்கும் வயதடைந்த கறுப்பினத்தார் 6,000 பேருக்கு மேல் இருந்தனர். வெள்ளையர் பக்கமோ, வயது வந்தோரின் எண்ணிக்கையைக் காட்டிலும் பட்டியலில் இருந்த பெயர்களின் எண்ணிக்கை மிகுதி. இருப்போர் பெயர் விடுபட்டும், இல்லாதோர் பெயர் எழுதப்பட்டும் இருந்த ஓர் ஏடு அது. ஏட்டை மட்டும் நம்பி வரலாறு எழுதுவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது.

ஜீஸ் பெண்டிலிருந்து காம்டனுக்குச் செல்ல ஓர் ஓடம் இருந்தது. ஆற்றைக் கடந்தால் நீதிமன்றம் சில மைல் தொலைவே. 1962-இல் அவ்வோடம் நிறுத்தப்பட்டது. ஆற்றைச் சுற்றிச் சாலை வழியே செல்வதாயின் ஏறத்தாழ 40 மைல். வண்டியில்லாத ஏழைகட்கு அது பெருந்தொலைவு. வாக்குரிமை கேட்டு வருவோரைத் தடுக்கவே ஓடம் நிறுத்தப்பட்டது என்பது ஊராரின் உறுதியான நம்பிக்கை. அவர்கள் நடந்தும், கிடைத்த வண்டியில் ஏறியும் காம்டன் சென்றனர்.

1965 பிப்ரவரியில் மழை பெய்த ஓர் இரவில் மார்ட்டின் லூதர் கிங் இவ்வூர்த் திருச்சபைக் கூடத்திற்கு வந்து உரையாற்றினார். அவ்வாண்டு காம்டன் தெருக்களில் மாணவரும் மூத்தோரும் நடத்திய ஊர்வலங்கள் தடியாலும் புகைக் குண்டாலும் கலைக்கப்பட்டன. ஆகஸ்டு 6-ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. சட்டம் வந்தபின்னும் அச்சம் நீங்கவில்லை. 1966 ஜனவரியில் காம்டனில் ஒரு திருச்சபையின் முன்னே கறுப்பின இளைஞர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். எனினும் பட்டியலில் பெயர்கள் ஏறிக்கொண்டே இருந்தன. 1978-இல் பிரின்ஸ் ஆர்னால்டு என்பார் இக்கவுண்டியின் முதல் கறுப்பின ஷெரீஃபாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1968-இல் கிங்கின் உடலைச் சுமந்த வண்டியை இழுத்த கோவேறு கழுதைகள் தம் ஊரிலிருந்து சென்றவை என்று ஜீஸ் பெண்ட் மக்கள் பெருமையோடு கூறுவர்.

அதே காலத்தில் ஆற்றின் குறுக்கே மில்லர்ஸ் ஃபெர்ரி என்னுமிடத்தில் அணை எழுந்தது. தேங்கிய நீர் ஜீஸ் பெண்டின் வளமான படுகை நிலங்களில் ஒரு பகுதியை மூழ்கடித்தது. அரும்பாடுபட்டுப் பெற்ற நிலத்தின் ஒரு கூறு இவ்வாறு நீருக்கடியில் சென்றது. ‘ஃபெர்ரி’ என்னும் சொல்லுக்கு ஓடத்துறை என்பது பொருள். ஓடம் நின்றிருந்த கவுண்டியில் அணையின் பெயரில் மட்டும் ஓடத்துறை எஞ்சியிருந்தது.

44 ஆண்டுகள் கழித்து, 2006 செப்டம்பரில் ஓடம் மீண்டும் வந்தது. 1962-இல் கைக்குழந்தையாக இருந்தோர் அப்போது நடுவயதை எட்டியிருந்தனர். 2019-இல் அவ்வோடம் முழுதும் மின்கலத்தால் இயங்குவதாக மாற்றப்பட்டது. பயணிகளையும் வண்டிகளையும் ஏற்றும் அவ்வகை ஓடங்களுள் அமெரிக்காவில் அதுவே முதலாவது.

துணியில் எழுதியது

மேற்கூறியவை பெரும்பாலும் ஏடுகள் தரும் செய்திகள். இம்மக்கள் தாமே தம் கையால் ஆக்கி வைத்த சான்று வேறொன்று உண்டு. அது ஒட்டுப்போர்வை. ‘குவில்ட்’ என ஆங்கிலத்தில் வழங்கும் இப்போர்வையில் மூன்று அடுக்குகள் உள்ளன. மேலே துண்டுத் துணிகளை இணைத்த அடுக்கு, நடுவே பஞ்சு, கீழே முழுத்துணி. மூன்றையும் சேர்த்து ஊடுருவித் தைப்பர். காற்று நுழையும் மரக் குடில்களில் குழந்தைகளைக் குளிரிலிருந்து காக்கத் தைத்தவை இவை. மேலடுக்கிற்குப் புதுத்துணி வாங்க வழியில்லை. கிழிந்த கால்சட்டை, மாவுச் சாக்கு, உரச் சாக்கு, தேய்ந்த சட்டை ஆகியவையே மூலப்பொருள்.

இப்போர்வைகளை உற்று நோக்கினால் உழைப்பின் சுவடுகளைப் படிக்கலாம். வெயிலில் வெளுத்த நீலத் துணியின் நடுவே, சட்டைப்பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலமாக நிற்கும். முழங்கால் பகுதியில் மண்ணில் மண்டியிட்டுத் தேய்ந்த தடம் தெரியும். ‘கூரைமுகடு’, ‘கொத்தனார்’ என வழங்கும் அமைப்புகள் தாயிடமிருந்து மகளுக்கு வந்தவை. ஆயினும் ஒருவர் தைத்தது போல் மற்றவர் தைப்பதில்லை. மரபு யாப்பிற்குள் நின்று தம் குரலில் பாடும் கவிஞர்க்கு இது விளங்கும்.

அவற்றுள் ஒன்றைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். மிசௌரி பெட்வே என்னும் பெண்மணி, கணவர் இறந்தபின், 1942-இல், அவர் வயலில் உழைத்தபோது அணிந்திருந்த உடைகளையே வெட்டிப் போர்வை ஒன்று தைத்தார். உடன் இருந்து உதவியவர் மகள் ஆர்லோன்சியா. கணவரை நினைவிற்கொள்ளவும், அப்போர்வைக்குள் அவர் அன்பை உணர்ந்து துயிலவும் தாய் அதனைத் தைத்தார் என்பதை மகளே பிற்காலத்தில் கூறியிருக்கின்றார். கைம்மை பற்றிய கையறுநிலைப் பாடல்களைக் கற்பிக்கும் எனக்கு, சொல்லே இல்லாத இப்போர்வையை அவ்வரிசையில் வைக்கத் தோன்றுகின்றது. நீதிமன்றத்தில் அவ்வுழவரைப் பற்றி ஏதேனும் கணக்கு இருக்கலாம். அவர் உடலின் அளவும், உழைப்பின் தேய்மானமும், மனைவியின் துயரும் இப்போர்வையில்தான் இருக்கின்றன.

1965 டிசம்பரில், குடியானவர்கள் வெளியேற்றப்படும் செய்திகளைத் திரட்டிவந்த பிரான்சிஸ் வால்டர் என்னும் பாதிரியார், ஒரு வீட்டின் கொடியில் உலர்ந்த போர்வைகளைக் கண்டு வண்டியை நிறுத்தினார். வெள்ளையர் ஒருவர் வருவதைக் கண்ட அவ்வீட்டுப் பெண் அஞ்சிக் காட்டிற்குள் ஓடிவிட்டார். அவ்வோட்டம் அக்காலத்தின் நிலையை எவ்வேட்டினும் தெளிவாகக் கூறும். அச்சந்திப்பின் தொடர்ச்சியாக 1966 மார்ச்சில் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்னும் பெண்கள் கூட்டுறவு அமைந்தது. போர்வைகள் நியூயார்க்கில் ஏலத்தில் விற்கப்பட்டன. கூட்டுறவு நிலம் வாங்கித் தையற்கூடம் கட்டியதோடு, வாக்குரிமை கேட்டதால் வீடிழந்த குடும்பங்கட்கும் மனை அளித்தது. 1972-இல் சியர்ஸ் நிறுவனத்திற்குத் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. அதில் எஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் புதிய வண்ணப் போர்வைகளாயின. 2012 வரை அக்கூட்டுறவு நிலைத்திருந்தது.

2002-இல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் ஹூஸ்டன் நுண்கலைக் காட்சியகத்திலும், பின்னர் நியூயார்க்கின் விட்னி காட்சியகத்திலும் வைக்கப்பட்டன. தற்கால ஓவியத்தின் உச்சங்களோடு அவற்றை ஒப்பிட்டுத் திறனாய்வாளர் வியந்தனர். ஓடம் திரும்பிய அதே 2006-இல் 10 போர்வைகளின் உருவங்கள் அமெரிக்க அஞ்சல் தலைகளாயின. புகழோடு வினாக்களும் எழுந்தன. வடிவங்களின் உரிமை யாருக்கு, வருவாயில் தைத்தவரின் பங்கு எவ்வளவு எனக் கேட்டுச் சிலர் 2007-இல் வழக்குத் தொடுத்தனர். 2008-இல் அவை உடன்பாட்டில் முடிந்தன. பிறர் கணக்கேட்டால் ஒருமுறை அனைத்தையும் இழந்தவர்களின் வழிவந்தோர் கணக்குக் கேட்டது இயல்பே.

நிறைவாக

1900-இல் வில்காக்ஸ் கவுண்டியின் மக்கள் தொகை 35,631. 2020-இல் அது 10,600. பருத்தி வயல்கள் பைன் காடுகளாகவும் மேய்ச்சல் நிலங்களாகவும் மாறின. மக்கள் பிழைப்பைத் தேடி வடபுல நகரங்கட்குச் சென்றனர். மாநிலத்தின் மிக வறிய கவுண்டிகளுள் ஒன்றாகவே இது நீடிக்கின்றது. காட்சியகச் சுவரில் தொங்கும் போர்வை அவ்வறுமையை நீக்கிவிடவில்லை என்பதை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

எனினும் இருந்தவர்கள் இருந்தனர். பெயரற்ற எண்ணாகவும், அடையாத கடனாகவும், பட்டியலில் இல்லாத வாக்காகவும் ஏடுகளில் குறிக்கப்பட்ட மக்கள், தம்மைப் பற்றிய உண்மையைத் துணியிலும் பாட்டிலும் எழுதி வைத்தனர். ஏடுகளைத் தள்ளிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. 1860-ஆம் ஆண்டுக் கணக்கேடு இல்லையேல், பத்தில் எழுவர் பெயரிழந்து நின்ற கொடுமையை நாம் அறியோம். ஏட்டையும் துணியையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும் என்பதே கூற விழைவது. ஒன்று மறைப்பதை மற்றொன்று காட்டும்.

நம் வட்டம் பத்தாண்டுகளாகக் கவிதையும் கட்டுரையும் வளர்த்து வந்துள்ளது. அடுத்த பத்தாண்டில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலும் ஊரிலும் எழுத்தறியாத மூத்தோர் ஆக்கிவைத்த ஒன்றையேனும், அது பாய்முடைப்பாயினும் தாலாட்டாயினும் ஒப்பாரியாயினும், ஆக்கியவர் பெயரோடு குறித்து வைப்பராயின் அது தக்க பணியாகும். ஆக்கியவர் பெயரை எழுதுவதில்தான் அப்பணி தொடங்குகின்றது. வில்காக்ஸ் கவுண்டியின் அடிமைகள் அதற்கே 1870 வரை காத்திருந்தனர்.